சம்பூர்ணம் மூக்குத்தி கழட்டுன கதை

ஜெயங்கொண்டத்துக்குக் கிழக்கால, முந்திரித் தோப்புக்கு நடுவுல இருக்கற அந்த ஊர்ல போயி, "சம்பூர்ணம் வூடு எது?"ன்னு கேட்டீங்கன்னா சட்டுனு யாருக்கும் புடிபடாது. "யாரு, தூங்குமூஞ்சி சம்பூர்ணமா?"ன்னு திருப்பிக் கேப்பாங்க. ஆமான்னு தலையாட்டுனா வாசல் வரைக்கும் கூடவே வந்து விட்டுட்டுப் போவாங்க. பேரு வச்ச புண்ணியவான் யாருன்னு தெரியல. பேரு மட்டும் நல்லா ஒட்டிக்கிச்சு.

எவ்வளவு அநியாயமான பேருன்னு நீங்களே சொல்லுங்க. ஊர்ப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குக் காலைச் சாப்பாடு ஆக்கற வேலை சம்பூர்ணத்துக்கு. கோழி கூவறதுக்கு முன்னாடியே போயி அடுப்பைப் பத்த வச்சு, கிச்சடியோ பொங்கலோ கிண்டி இறக்கி, புள்ளைங்க சாப்பிட்டதும் பாத்திரத்தைக் கழுவிக் கவுத்துட்டு வரணும். வந்தா வூட்டு வேலை, ஆடு, மாடு. சீசன் வந்துட்டா முந்திரிக்கொட்டை பொறுக்கப் போகணும். இதுல சோம்பேறித்தனத்துக்கு எங்கங்க எடம்? ஆனா உக்காந்தா தூக்கம், சாஞ்சா தூக்கம். ஒருநாள் கரண்டியைக் கையில புடிச்சபடியே நின்னுக்கிட்டு தூங்கி, பொங்கல் அடிப்புடிச்சு, புள்ளைங்க மூக்கைப் புடிச்சுக்கிட்டு சாப்பிட்டுச்சுங்க.

"ராவெல்லாம் என்னதான் பண்ணுவ நீ?"ன்னு கூட வேலை செய்யறவங்க கேப்பாங்க. "தூங்குவேன்"னு சொல்லும். அதுவும் நெசந்தான். படுத்த நிமிசமே தூங்கிடும். ஆனா காலையில எந்திரிச்சா, ராத்திரி முழுக்க யாரோ நெல்லு மூட்டை தூக்கவிட்டாப்புல ஒடம்பு அலுத்துக் கெடக்கும். இந்த அலுப்பை யார்கிட்ட சொல்றது? தூங்குனேன், அதனால அலுப்பா இருக்குன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்க?

அப்புறம் அந்தக் குறட்டை. ஆம்பள குறட்டை விட்டா, "மனுசன் ஒழச்சுட்டு வந்து அசந்து தூங்கறாரு"ன்னு சொல்ற ஊரு, பொம்பள விட்டா வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்குது. புருசன் அரியமுத்து, சித்தாளு பெரியாளுன்னு கட்டட வேலைக்குப் போற மனுசன், நல்லவருதான், ஒரு வார்த்தை சொன்னதில்ல. கயித்துக்கட்டிலைத் தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போயிட்டாரு, அவ்வளவுதான். மழைக்கு மட்டும் உள்ள வருவாரு. இந்த வெக்கத்துலயே சம்பூர்ணம் யாரு வூட்டுலயும் ராத்தங்காது. கல்யாண வூட்டுல பொம்பளைங்க எல்லாம் வரிசையா பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டு விடிய விடிய கதை பேசுவாங்க இல்லையா, அதுல சம்பூர்ணம் படுத்ததே கெடையாது. "ஆடு கத்தும்"னு ஒரு சாக்கைச் சொல்லி கடைசி பஸ்ஸைப் புடிச்சிடும். ஒரே மக வெற்றிச்செல்வியை செட்டிகுளத்துல கட்டிக் குடுத்தப்புறம் அந்த வூட்டுலயும் ஒரு ராத்திரி தங்குனதில்ல.

அந்த செட்டிகுளத்துலதான் மானம் போச்சு. மகளுக்கு ஏழாம் மாசம் வளைகாப்பு. வகைவகையா சோறு கட்டிக்கிட்டு, சொந்தபந்தத்தோட வேன் புடிச்சு போனாங்க. வளைகாப்பு முடிஞ்ச கையோட பொண்ணைத் தாய்வூட்டுக்குக் கூட்டியாறது வழக்கம். தலைப்பிரசவம் ஆத்தா வூட்டுலதான் ஆகணும். அரியமுத்து நடு ரூமுக்கு சுண்ணாம்பு அடிச்சு, புதுசா ஃபேன் மாட்டி வச்சுட்டுத்தான் வேன்ல ஏறுனாரு.

மக பக்கத்துல வளையல் தட்டை மடியில வச்சுக்கிட்டு சம்பூர்ணம் உக்காந்திருந்துச்சு. முந்துன ராத்திரி முழுக்க சோறு ஆக்குன ஒடம்பு. ஒவ்வொருத்தரா வந்து சந்தனம் பூசிக்கிட்டிருக்காங்க. கண்ணு சொக்குது. தொடையைக் கிள்ளிக்கிச்சு, நாக்கைக் கடிச்சுக்கிச்சு, ஒண்ணும் நடக்கல. தலை தொங்கிருச்சு. ஒரு குறட்டை, அந்தப் பந்தலே திரும்பிப் பாக்கற குறட்டை. தட்டு சரிஞ்சு கண்ணாடி வளையல் அத்தனையும் சிமிட்டித் தரையில கொட்டி ஒடஞ்சுது.

மருமகனோட ஆத்தா பரிமளா சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா சண்டை போட்டாவது பொண்ணைக் கூட்டியாந்திருக்கலாம். எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் தனியா கூப்பிட்டு மெதுவாத்தான் சொல்லுச்சு.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. புள்ளத்தாச்சிக்கு ராத்திரி ஒரு வலி வந்தா எந்திரிக்க ஆளு வேணும். பொறந்தப்புறம் பச்சப்புள்ள மேல கையைப் போட்டுட்டு நீங்க தூங்கிட்டா என்ன பண்றது? பொண்ணு இங்கயே இருக்கட்டும்."

இதே பயம் சம்பூர்ணத்துக்கும் இருந்துச்சு. மகளுக்குக் கல்யாணம் ஆன நாள்ல இருந்தே இருந்துச்சு. வேன்ல வெறும் பாத்திரத்தை வச்சுக்கிட்டு திரும்பி வந்தாங்க. அன்னைக்கு மட்டும் பஸ்ஸோ வேனோ, ஏறுனதும் தூங்கற சம்பூர்ணம் ஊரு வர்ற வரைக்கும் தூங்கல. அழுதுக்கிட்டு வந்துச்சு.

அடுத்த வாரம் பிரஷர் மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன எடத்துல, பெஞ்சுல உக்காந்தபடியே தூங்கிடுச்சு. எழுப்புனது டாக்டரம்மா. சின்ன வயசுப் பொண்ணு. "எவ்வளவு நாளாம்மா இப்படி? நீங்க தூங்கறப்ப மூச்சு நின்னு நின்னு வருது, தெரியுமா?"ன்னு கேட்டுச்சு. திருச்சிக்கு எழுதிக் குடுத்துச்சு. அங்க ஒரு ராத்திரி ஒடம்பெல்லாம் வயரை ஒட்டித் தூங்க விட்டு டெஸ்ட் எடுத்தாங்க. தொண்டை அடைச்சுக்குது, மூச்சு நிக்குது, ஒடம்பு பதறி எந்திரிக்குது, மறுபடி தூங்குது, மறுபடி நிக்குது. ராத்திரி பூரா இதேதான் வேலை. "நீங்க தூங்கவே இல்லம்மா, விடிய விடிய மூச்சுக்கு மல்லுக்கட்டறீங்க. இது சோம்பேறித்தனம் இல்ல, வியாதி"ன்னு சொன்னாங்க. வியாதின்னு சொன்னா யாராச்சும் சந்தோசப்படுவாங்களா? சம்பூர்ணத்துக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு.

அதுக்கு வைத்தியம் ஒரு மெசின். சீபேப்னு பேரு. மூக்கு மேல ஒரு மூடி, அதுல இருந்து ஒரு குழாய், குழாய் போயி ஒரு சின்னப் பொட்டியில சேரும். தொண்டை அடைக்காம அது காத்தை விட்டுக்கிட்டே இருக்கும். வாடகைக்கு எடுத்தாந்தாங்க. மறுநாளே ஊருக்குள்ள "சம்பூர்ணத்துக்கு ஆக்சிஜன் வச்சுட்டாங்களாம்"னு பேச்சு. ஹார்லிக்ஸ் பாட்டிலோட பாக்க வந்த பொம்பளைங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு நின்ன சம்பூர்ணத்தைப் பாத்து ஏமாந்து போனாங்க.

மெசினைப் போட்ட அன்னைக்கே ஊமையாத் தூங்கிடலாம்னு நெனச்சா, அது நடக்கல. ஓடற பஸ்ல ஜன்னலுக்கு வெளிய மூஞ்சை நீட்டுனாப்புல காத்து அடிக்குது. வாயைத் தொறந்தா காத்து வாய் வழியா ஓடுது. நாக்கு வறண்டு போகுது. காலையில எந்திரிச்சுப் பாத்தா மூடி மூஞ்சில இல்ல, கையில இருக்கு. கரண்டு போனா அதுவும் நின்னுடும். போதாக்குறைக்கு இடது கண்ணுல புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து ஊதுது. பழைய அலுப்போட இது ஒரு புது அலுப்பு.

திருச்சியில இருந்து மகேஷ்னு ஒரு தம்பி போன் பண்ணும். மெசினைக் குடுத்த கம்பெனிப் பையன். ராத்திரி இங்க நடக்கறது அங்க அவன் போன்ல தெரியுமாம். "அம்மா, மூடி எங்கயோ ஒழுகுது. காத்து வெளிய போனா மெசின் போட்டும் பிரயோசனம் இல்லம்மா."

"வாரை இறுக்கிக் கட்டறேன் தம்பி."

இறுக்கிக் கட்டி கன்னமெல்லாம் தடம் விழுந்ததுதான் மிச்சம். எங்க ஒழுகுதுன்னு சம்பூர்ணத்துக்கு மொத நாளே தெரியும். மூக்குத்தி. ஏழு கல் வச்ச மூக்குத்தி. அகலமா மூக்கு மடல்ல உக்காந்திருக்கும். மூடியோட ஓரம் அது மேல ஏறி நின்னுக்கும், அந்தச் சந்துல காத்து போகும். மூக்குல அழுத்தி அழுத்திப் புண்ணும் ஆகிப்போச்சு. தெரிஞ்சும் வாயைத் தொறக்கல. எப்படித் தொறக்கும்? அப்பன் செத்தப்ப, நடுவாசல்ல ஆத்தாளை உக்கார வச்சு, நாலு பொம்பளைங்க சேந்து தாலியோட மூக்குத்தியையும் கழட்டுனதைப் பாத்த கண்ணு அது. கழட்டுன மூக்கைப் பாத்துட்டு அன்னைக்கு சோறு இறங்கல. புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப, மகள் மாசமா இருக்கறப்ப, அந்த வேலையைத் தானே பண்ணிக்கறதா? போன்ல மூஞ்சியைக் காட்டச் சொல்லிப் பாத்த மகேஷ், "மூக்குத்தியைக் கழட்டிடுங்கம்மா, சரியாயிடும்"னு சாதாரணமாச் சொல்லிட்டான். "சிக்னல் இல்ல தம்பி"ன்னு போனை வச்சுருச்சு.

அப்புறம் ஒரு சாயங்காலம் மகள் போன் பண்ணா.

"அம்மா, அத்தை என்னைய நல்லாத்தான் பாத்துக்கறாங்க. கொறை சொல்ல முடியாது. ஆனா எனக்கு பயமா இருக்கும்மா. வலி வந்தா நீ பக்கத்துல இருக்கணும். மெசின் போட்டுச் சரியாயிட்டா கூட்டிட்டுப் போயிடு."

போனை வச்ச கையோட வாசலுக்குப் போயி, அரியமுத்துகிட்ட எல்லாத்தையும் சொல்லுச்சு. மூக்குத்தி சமாசாரத்தைக் கேட்டதும் மனுசன் பொசுக்குன்னு கோவப்பட்டுட்டாரு. "நான் செத்தா கழட்டிக்க. அதுக்குள்ள என்னடி அவசரம்?"ன்னு கேட்டாரு. சாப்பிடாமயே படுத்தாரு. காலையில பைக்கைத் தொடச்சு ஸ்டார்ட் பண்ணி வச்சுக்கிட்டு, "ஏறு, ஆசாரி கடைக்குப் போலாம்"னாரு.

ஜெயங்கொண்டம் கடைவீதியில, கழட்டணும்னு சொன்னதும் ஆசாரி அந்த மூக்கைப் பாத்துட்டு, குரலைத் தாழ்த்தி, "யாரும்மா தவறிட்டாங்க?"ன்னு கேட்டாரு.

"யாரும் தவறல. புருசன் நான் இந்தா ஸ்டூல்ல உக்காந்திருக்கேன், நல்லாப் பாத்துக்கிட்டே கழட்டுய்யா" அப்படின்னாரு அரியமுத்து. கடையில இருந்தவங்க சிரிச்சாங்க. அவருக்குச் சிரிப்பு வரல.

வயசுக்கு வந்தப்ப மாட்டுனது. திருகாணி துரு ஏறுனாப்புல இறுகிப் போயி, வெட்டித்தான் எடுக்க வேண்டியதாச்சு. புண்ணு ஆறற வரைக்கும் எதுவும் மாட்டக்கூடாதுன்னு ஆசாரி சொல்லிட்டாரு. அதைக் காகிதத்துல மடிச்சு அரியமுத்து தன் சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. வர்ற வழியில சம்பூர்ணம் முந்தானையால மூக்கை மூடிக்கிட்டே வந்துச்சு.

அன்னையில இருந்து மூடி ஒழுகல. அதுக்காக ஒரே ராத்திரியில வியாதி ஓடிப்போச்சுன்னு சொன்னா பொய். நாலு நாள் நல்லா இருக்கும், ஒருநாள் சளி புடிச்சு மூக்கு அடைச்சுக்கும். அழுதுக்கிட்டே பிச்சு எறிஞ்ச நாளும் உண்டு. எறிஞ்சதை எடுத்து மறுபடி மாட்டும். போகப் போக காலையில ஒடம்பு கொஞ்சம் கொஞ்சமா லேசாச்சு. பள்ளிக்கூடத்துல பொங்கல் அடிப்புடிக்கறது நின்னுச்சு. ஒருநாள் விடியக்காலம் அரியமுத்து பதறிப்போயி உள்ள ஓடியாந்தாரு. குறட்டை கேக்கலயாம். பாத்தா பொண்டாட்டி நிம்மதியாத் தூங்கிக்கிட்டிருக்கு. அன்னைக்கு ராத்திரியே கயித்துக்கட்டில் உள்ள வந்துருச்சு.

மகளுக்கு ஒம்பதாம் மாசம் பொறந்ததும், மெசினை ஒரு பையில போட்டுத் தூக்கிக்கிட்டு சம்பூர்ணம் தனியா செட்டிகுளத்துக்குப் பஸ் ஏறுச்சு. பரிமளா களத்துல சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கிட்டிருந்துச்சு. நிமுந்து அந்த வெறும் மூக்கைப் பாத்ததும் கையில இருந்த வெங்காயம் கீழ விழுந்துருச்சு.

"ஐயோ சம்பந்தி! அண்ணனுக்கு என்னாச்சு?"

"அவரு நல்லா இருக்காரு அண்ணி. இந்த மெசின் போடணும்னா மூக்குத்தி இருக்கக் கூடாது. இருந்தா காத்து ஒழுகுது. அதான் கழட்டிட்டேன். இன்னைக்கு ராத்திரி இங்க தங்கறேன். நான் எப்படித் தூங்கறேன், எப்ப எந்திரிக்கறேன்னு நீங்களே பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

தன் வூட்டையும் பொறந்த வூட்டையும் தவிர வேற வூட்டுல படுக்கறது இதுதான் மொத தடவை, அதுவும் சம்பந்தி வூட்டுல, சம்பந்தி பக்கத்துல. காத்து வறளாம இருக்க மகள் மெசினுக்குத் தண்ணி ஊத்திக் குடுத்தா. பரிமளா பாயை ஒட்டிப் போட்டுப் படுத்துச்சு.

விடியறதுக்கு முன்னாடி மகள் தண்ணிக்கு எந்திரிச்சா. கொலுசுச் சத்தம்தான் கேட்டுச்சு. சம்பூர்ணம் மூடியைக் கழட்டி வச்சுட்டு எந்திரிச்சு சொம்பை எடுத்துக் குடுத்துச்சு. திரும்பிப் பாத்தா பரிமளா பாய்ல எந்திரிச்சு உக்காந்திருக்கு. ராத்திரி பூரா முழிச்சிருந்த கண்ணு.

"ஒரு சத்தம் இல்ல" அப்படின்னுச்சு பரிமளா. அப்புறம் கொஞ்ச நேரம் சம்பூர்ணத்தோட மூக்கையே பாத்துக்கிட்டிருந்துச்சு. பரிமளா மூக்குலயும் ஒண்ணும் கெடையாது. புருசன் கொரோனாவுல போனவரு.

"என்னுதை நாலு பேரு கையைப் புடிச்சுக்கிட்டுக் கழட்டுனாங்க. நான் விடமாட்டேன்னு கத்துனேன். நீ நல்ல மனுசனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, நீயாப் போயிக் கழட்டிக்கிட்டு வந்திருக்க." இவ்வளவு நாளும் இருந்த 'நீங்க' எங்க போச்சுன்னு தெரியல. "போ. ஒன் புள்ளையை நீ கூட்டிட்டுப் போ."

மருமகன் கூட்டாளியோட காரை வாங்கியாந்தான். பரிமளா ஒரு மூட்டை வெங்காயத்தைப் பின்னாடி ஏத்திவிட்டுச்சு. அரியலூர் தாண்டுனதும் மகள் ஆத்தா தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. மெசின் பை மடியில கெடந்துச்சு. முதுகு வலிச்சுது, தோளு மரத்துப் போச்சு, சம்பூர்ணம் அசையல. வருசக்கணக்கா போய்வந்த ரோடுதான். ஆனா அரியலூருக்குக் கிழக்கால அந்த ரோட்டுல எந்தெந்த ஊரு வருதுன்னு அன்னைக்குத்தான் பாத்துச்சு. ஒரு பள்ளத்துல கார் குலுங்கி மகள் கண்ணைத் தொறந்தா.

"அம்மா, தூங்கலயா நீ?"

"இல்லடி. நீ தூங்கு."