தலைவர்களைக் கூரைக்கு ஏற்றிய அத்தை

கர்ப்பிணிப் பெண் ஒருத்தியைக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு நாங்கள் சில பெண்கள் கோழிப்பண்ணைக்குள் நுழைந்த அந்தச் சித்திரை மாத மத்தியானம்தான், அத்தையை நினைக்கும்போதெல்லாம் முதலில் கண்ணுக்குள் வந்து நிற்கிறது. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், நான்குவழிச் சாலையை ஒட்டிய ஊர் எங்களுடையது. நான் அப்போது சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியான ஷிஃப்ட் என்பதால் உச்சி வெயிலில்தான் தினமும் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அன்றைக்கு எங்கள் எதிர்வீட்டு மருமகளும் மாமியாரும் ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போக வந்திருந்தார்கள். அவளுக்கு நிறைமாதம். பேசிக்கொண்டே இருந்தவள் நிழற்குடைக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் வியர்வைகூட இல்லை. மாமியார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

சர்வீஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அத்தையின் கோழிப்பண்ணை. தலையில் ஈரத்துண்டோடு கேட்டருகே நின்றிருந்த அத்தை ஓட்டமாக வந்தார். நாங்கள் அவளைப் பெஞ்சில் படுக்கவைக்கப் பார்த்தோம். அத்தை தடுத்தார். “அதுல படுக்க வெக்காதீங்க, இரும்பு சுட்டுப்போடும். தூக்குங்க, ஷெட்டுக்குப் போலாம்.”

“கோழிப்பண்ணைக்குங்களா?” என்று மாமியார் தயங்கினார்.

“ஆமாங்க. இந்த ரோட்டுல குளுமையா இருக்கறது அது ஒண்ணுதான்.”

உள்ளே போன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது. கூரைக்கு மேல் தென்னங்கீற்று பரப்பி, அதன்மேல் ஒரு குழாய் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது. உள்ளே சின்னச் சின்னக் குழாய்களிலிருந்து பனிபோல ஈரம் இறங்கியது. இரண்டு பக்கமும் திறப்பு, காற்று தடையில்லாமல் ஓடியது. ஆயிரக்கணக்கான கோழிகள் கூண்டுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்துக் கூச்சல் போட்டன. தீவன மூட்டைகளை அடுக்கி அவளைப் படுக்கவைத்து, அத்தை தன் ஈரத்துண்டை அவள் நெற்றியில் போட்டார். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். சற்று நேரத்தில் அவள் கண்ணைத் திறந்து, மூக்கைச் சுளித்து, “என்னங்கத்தே இந்த நாத்தம்?” என்றாள்.

“நாத்தம் தெரியுதில்ல, அப்ப ஒண்ணும் இல்ல சாமி” என்றார் அத்தை. அழுதுகொண்டிருந்த மாமியார்கூடச் சிரித்துவிட்டார். பிறகு அத்தையே தெரிந்தவர் காரைக் கூப்பிட்டு அவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். பத்தே நாளில் நல்லபடியாகப் பெண்குழந்தை பிறந்தது.

அத்தை என் அப்பாவின் தங்கை. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா லாரியோடு மாதக்கணக்கில் வடக்கே போய்விடுவார், மகன் ஓசூரில் வேலை. பண்ணையை அத்தைதான் நடத்தினார். காலையில் முட்டை ஏற்றி அனுப்பி, தீவனம் பார்த்து, ஆட்களை விரட்டி முடித்தால், பொழுது சாய்ந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். சீரியல் பார்க்க மாட்டார். விவாதம்தான் பார்ப்பார். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்துகிற அந்த நிகழ்ச்சிகளை அத்தை, மற்றவர்கள் கிரிக்கெட் பார்ப்பதுபோல் ரசித்துப் பார்ப்பார். யாராவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவினால், “கேட்டது என்ன, நீ சொல்றது என்ன?” என்று டிவியிடம் அதட்டுவார். அங்கே கேட்ட சொற்களெல்லாம் வீட்டுக்குள் புழக்கத்துக்கு வந்துவிடும். பண்ணையில் கடன் முட்டை கிடையாது என்பது ‘கொள்கை முடிவு’. மாமா தொலைபேசியை எடுக்காவிட்டால் ‘தகவல் தொடர்புத் துறையில் மெத்தனம்’. அந்த வருஷம் எல்லா டிவியிலும் வெப்ப அலையைப் பற்றித்தான் பேச்சு. பருவநிலை மாறிவிட்டது, நாடு தழுவிய திட்டம் வேண்டும், டெல்லி என்ன செய்கிறது, மாநிலம் என்ன செய்கிறது என்று தினமும் சண்டை. அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒருநாள் என்னிடம் சொன்னார்: “எல்லாம் நல்லாத்தான் பேசறாங்க கண்ணு. ஆனா இவிங்கள்ல ஒருத்தராச்சும் நம்மூரு பஸ்ஸுக்கு நின்னிருப்பாங்களா?”

எங்கள் நிழற்குடையின் கதையைச் சொல்லியாக வேண்டும். சாலையை அகலப்படுத்தியபோது புளியமரங்கள் போயின. அவற்றுக்குப் பதிலாகத் தொகுதி நிதியில் பளபளவென்று ஒரு நிழற்குடை வந்தது. தாழ்வான தகரக் கூரை, எவர்சில்வர் பெஞ்சு. பின்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு கட்சித் தலைவர்கள் கும்பிட்டபடி சிரிக்கிற பெரிய பலகை. காற்று வருவதே அந்தப் பக்கத்திலிருந்துதான். நிழல் என்று பெயருக்கு ஒன்று விழும், ஆனால் அதற்குள் நிற்பது தோசைக்கல்லுக்கும் மூடிக்கும் நடுவே நிற்பதுபோல. ஆண்கள் டீக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். பெண்கள்தான் நின்று வேகுவோம்.

எதிர்வீட்டு மருமகள் மயங்கி விழுந்த பிறகு ஊரில் எல்லோரும் அத்தையிடம் ஒன்றையே சொன்னார்கள். பண்ணைக் கூரைக்கு அடிக்கிற வெள்ளைச் சுண்ணாம்பு மூட்டை மூட்டையாக வீட்டில் கிடக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு பொழுது வேலை, நீங்களே அடித்துவிடக் கூடாதா என்று. நானும் சொன்னேன். அத்தை மறுத்துவிட்டார். “நான் அடிச்சுட்டா இந்த ஒரு கூரை வெளுக்கும். ‘சரி, பிரச்சினை தீந்துச்சு’ன்னு அவிங்க அடுத்த ஊருக்கும் இதே அடுப்பைத்தான் கட்டுவாங்க. அந்த ஊருல கோழிப்பண்ணை இல்லாட்டி என்ன பண்றது? கட்டுனவிங்கதான் சரி பண்ணோணும். இது கொள்கை முடிவு கண்ணு.”

அதன் பிறகு தீவன அறையைக் கூட்டித் துடைத்து, இரண்டு பெஞ்சு போட்டு, குடத்தில் தண்ணீர் வைத்து, பஸ்ஸுக்கு வருகிறவர்கள் உள்ளே உட்காரலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் கூரையை மட்டும் தொடவில்லை. அது சிலருக்குக் கோபத்தைக் கொடுத்தது. உள்ளே உட்கார்ந்தால் பஸ் வருவது தெரியாது, ஓடிப் பிடிக்க வேண்டும். எதிர்வீட்டு மாமியாரே ஒருநாள், “சுண்ணாம்பு ஊட்டுல கெடக்குது. மனசுதான் வர மாட்டேங்குது” என்று அத்தையின் காதில் விழும்படி சொன்னார்.  அன்று மாலை அத்தை டிவியைப் போடவில்லை. நான் போனபோது இருட்டுவதைப் பார்த்துக்கொண்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். “சித்த நேரம் இரு கண்ணு” என்று மட்டும் சொன்னார். பிடிவாதத்துக்கும் கொள்கைக்கும் உள்ள வித்தியாசத்தை ஊர் ஒருநாளும் உடனே ஒத்துக்கொள்வதில்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்கு முன்னால் அத்தை ஊராட்சித் தலைவரைப் போய்ப் பார்த்தார். தலைவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், எங்கள் பேச்சில் ஒறம்பரை, யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர். கூட்டத்தைப் பள்ளிக்கூடத்து மரத்தடியில் வைக்க வேண்டாம், நிழற்குடையில் வையுங்கள் என்று அத்தை கேட்டார். “ஏனுங்கக்கா, வெயிலுங்க” என்றார் தலைவர். “வெயிலுக்குத்தானுங்க அரசாங்கம் நெழல் கட்டிக் குடுத்திருக்குது” என்றார் அத்தை. தலைவருக்கு மறுக்கத் தெரியவில்லை. மறுக்க விருப்பமும் இல்லை என்று பிறகு சொன்னார்.

வட்டார வளர்ச்சி அலுவலர் புதிதாக வந்தவர், நடுத்தர வயது, சட்டைப்பையில் மடித்த கைக்குட்டை. கூட்டத்தன்று ஜீப்பிலிருந்து இறங்கியவரை அத்தை மரியாதையாகக் கும்பிட்டு நடு பெஞ்சில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தவர் முகம் ஒரு நொடி மாறியது. ஆனால் எழுந்திருக்கவில்லை, சமாளித்துக்கொண்டார். பெண்கள் எல்லோரும் அவரைச் சுற்றி நிழலுக்குள் நெருக்கி நின்றோம். வரவு செலவு படித்தார்கள். குடிநீர் பேசினார்கள். அலுவலர் கைக்குட்டையை எடுத்தார், மடித்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் அவரே அத்தையைப் பார்த்து, “அம்மா, நான் எந்திரிச்சு நின்னுக்கலாமுங்களா?” என்றார். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் அவர் நல்ல மனிதர் என்பது எனக்குத் தெரிந்தது.

அத்தை குரலை உயர்த்தவே இல்லை. “ஒரு வாயும் வயிறுமான புள்ளைய இங்கிருந்து தூக்கிட்டுப் போயி கோழிங்களுக்கு நடுவுல படுக்க வெச்சமுங்க. கோழிக்குச் சூடு தாங்காதுன்னு நாங்க பாத்துப் பாத்துக் கட்டறோம். மனுசருக்குக் கட்டறப்ப யாரு பாத்தாங்கன்னு கேக்கறனுங்க. கோவத்துல கேக்கல, தெரிஞ்சுக்கறதுக்குத்தான் கேக்கறேன்.”

அலுவலர் சற்று யோசித்துவிட்டு, “யாரும் பாக்கலைங்க” என்றார். டிவி விவாதங்களில் அத்தை அத்தனை வருஷமாக எதிர்பார்த்தும் கேட்டிராத பதில் அது.  

பிறகு பேச்சு மளமளவென்று நடந்தது. கூரையை உயர்த்தலாம், வெள்ளை பூசலாம், பெஞ்சைச் சிமெண்டில் போடலாம், பக்கத்தில் புங்கன் நடலாம் என்று எல்லாவற்றுக்கும் அலுவலர் தலையாட்டினார். பின்பக்கத்துப் பலகையில்தான் பேச்சு சிக்கியது. தலைவர்கள் படத்தைக் கழற்ற யாருக்கு அதிகாரம்? ஊராட்சித் தலைவர் அலுவலரைப் பார்த்தார், அலுவலர் ஜீப்பைப் பார்த்தார். அத்தைதான் வழி சொன்னார். “கழட்ட வேண்டாமுங்க. கூரைக்கு மேல ஏத்தி வெச்சுருங்க. அவிங்களுக்கும் மரியாதை, எங்களுக்கும் காத்து.” அலுவலர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

உடனே எதுவும் நடக்கவில்லை. வெயில் போய் மழை வந்தது, மழையும் போயிற்று. ஒருநாள் அலுவலர் பண்ணைக்கே வந்தார். கட்டி முடித்ததைத் திருத்துவதற்கு இப்போது வழியில்லை, ஆனால் இனி கட்டப்போகிற நிழற்குடைகளை உங்கள் தீர்மானத்தின்படி கட்டச் சம்மதம் வாங்கிவிட்டேன் என்றார். ஊருக்கு இது பெரிய ஏமாற்றம். நாம் வெயிலில் நின்று கேட்டது எவன் ஊருக்கோ போகிறது என்றார்கள். அத்தை மட்டும் அன்றைக்கு அலுவலருக்கு முட்டைப் பொரியல் செய்து சோறு போட்டு அனுப்பினார்.

எங்கள் ஊருக்கும் அந்தத் திருத்தம் பிறகு வந்தது, கடைசியாகத்தான் வந்தது. நான் இப்போது கல்யாணமாகிச் சேலத்திலேயே இருக்கிறேன். அத்தையும் பண்ணையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனோடு ஓசூரில். அங்கே அவர் பேருந்து நிறுத்தங்களைப் பற்றி மாநகராட்சிக்காரர்களிடம் பேச ஆரம்பித்துவிட்டதாக மகன் பெருமையும் பயமுமாகச் சொல்கிறான். ஊருக்குப் போகும்போது பார்க்கிறேன். எங்கள் நிழற்குடைக் கூரைமேல் தலைவர்கள் வெயிலில் கும்பிட்டபடி நிற்கிறார்கள். கீழே பெண்கள் பூக் கட்டுகிறார்கள். எதிர்வீட்டு மருமகள் மகளைப் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு அங்கேதான் கூட்டி வருகிறாள்.

ஆனால் அதைவிட எனக்குப் பிடித்தது, எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்னால் சேந்தமங்கலம் சாலையில் முதல் நிழற்குடை கட்டிய செய்தி கேட்டு அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு போன நாள்தான். எங்களுக்கு அந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. பங்குனி வெயில் உச்சியில் இருந்தது. தூரத்தில் கொல்லிமலை வெளிறிப்போய்த் தெரிந்தது. வெள்ளைக் கூரை, நல்ல உயரம், நாலு பக்கமும் திறப்பு. கொத்தமல்லிக் கட்டுகளோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நகர்ந்து இடம் கொடுத்தார்.

“உக்காருங்க. இங்க நல்லாக் காத்து வரும்.”

அத்தை உட்கார்ந்து, கூரையை அண்ணாந்து பார்த்தார். “எப்பவும் வருமுங்களா?”

“பஸ் ஸ்டாப்புல காத்து வராம என்னங்க?” என்றார் அந்த அம்மா, இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

நான் சொல்லிவிட வாயெடுத்தேன். அத்தை என் முழங்காலை அழுத்திப் பிடித்தார். “ஆமாங்க, வராம என்ன” என்றார் அந்த அம்மாவிடம். எங்கள் பஸ் வந்து நின்றது. நான் எழுந்தேன். அத்தை முந்தானையைத் தளர்த்திவிட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

“அடுத்த பஸ்ஸுல போலாம் கண்ணு.”