நான்கு விநாடி மௌனம்

கைகளைக் கழுவித் துடைத்து, ஈரம் போய்விட்டதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் ஹெட்போனைத் தொடுகிறார். முதலில் வலது காதை மூடுகிறார், பிறகு இடது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுகிறார். அதன் கம்பி காதோரம் இடைவெளி விட்டுவிடுமாம். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், பக்கத்து மேசைக்காரர் நாற்காலியோடு கவிழ்ந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அலுவலகத்தில் அவருக்குப் பாம்புக்காதர் என்று பெயர். விசாரணையில் பதிவு செய்த வாக்குமூலங்களைக் கேட்டு, வழக்குக்காகத் தட்டச்சு செய்து கொடுப்பது அவர் வேலை. இருமினால் ‘(இருமல்)’, அழுதால் ‘(அழுகை)’, பேசாமல் இருந்தால் ‘(மௌனம்)’ என்று போட்டு, எத்தனை விநாடி என்றும் குறிக்க வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் ‘பதிவில் உள்ளபடி, எதுவும் விடுபடவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். கொம்பும் சுழியும் பிசகாத கையெழுத்து.

வீட்டில் ஹெட்போன்கள் துணிப்பைகளில் வரிசையாகத் தொங்குகின்றன. பாட்டு என்று ஒன்று அந்த வீட்டில் ஒலித்ததே இல்லை. “எட்டு ஹெட்போன் இருக்கு. நான் கூப்பிடறது மட்டும் ஒண்ணுலயும் கேக்காது” என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, உறையின் நாடாவைச் சரிசெய்யப் போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஒரு மின்சாதனக் கடையின் மாடியில் அவரைப் போன்ற பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். ஒருவர் ஹெட்போனை இன்னொருவர் மாட்டிப் பார்ப்பதும், “பேஸ் கொஞ்சம் தூக்கலா இருக்கு” என்று சமையல்காரர் உப்புப் பார்ப்பதுபோலச் சொல்வதும்தான் அங்கே நடக்கிற காரியம். எல்லாரும் பாட்டு கொண்டுவருவார்கள். இவர் சட்டைப்பையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிளேயர் வைத்திருக்கிறார். சுவரைப் பார்த்து உட்கார்ந்து எதையோ ஒரு முறை கேட்பார், மறுபடி கேட்பார், நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

“அப்படி என்ன பாட்டு சார்? நாங்களும் கேக்கக் கூடாதா?” என்று கடைக்காரர் சீண்டுவார்.

“பாட்டில்லைங்க. பேச்சு.” அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது.

எல்லாம் முதல் ஹெட்போன் செய்த வேலை. அலுவலகத்தில் கொடுத்திருந்த ஹெட்செட்டில் பஞ்சு உதிர்ந்து, பிளாஸ்டிக் காதைக் குத்திக்கொண்டிருந்தது. மூன்று முறை எழுதிக் கேட்டும் புதிது வரவில்லை. பழைய சாமான் கடையில் கறுப்பாக, கனமாக, வயர் சுருண்டு கிடந்த ஒன்றைத் தானே வாங்கி வந்தார். வேலை செய்கிறதா என்று பார்க்க, கணினியில் கண்ணில் பட்ட பழைய பதிவு ஒன்றை ஓட்டினார்.

அது கிடங்கு தீ வழக்கு. காவலாளி கருகிச் செத்துப்போயிருந்தார். அங்கே மூட்டை தூக்குகிறவன்தான் தீ வைத்தான் என்று தீர்ப்பாகி, அவன் ஆயுள் தண்டனைக்குப் போயும் ஆயிற்று. “யார் தீ வெச்சது?” என்ற கேள்வி. பிறகு நான்கு விநாடி மௌனம். பிறகு “நான்தான் வெச்சேன்.” இப்படித்தான் அவர் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டிருந்தார். வாங்கி வந்த ஹெட்போனில் அந்த நான்கு விநாடி மௌனமாக இல்லை. வாயைக் கையால் மறைத்துக்கொண்டதுபோல யாரோ எதையோ சொன்னார்கள்.

நாற்காலிச் சத்தம் என்று நினைத்துக்கொண்டார். மின்விசிறி என்று நினைத்துக்கொண்டார். அந்தப் பதிவைப் பிளேயரில் ஏற்றிக்கொண்டு, இன்னும் நல்லதாக வாங்கிக் கேட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று இரண்டாவதை வாங்கினார். அதில் அது ஆண்குரல் என்று தெரிந்தது. மூன்றாவதில், அது கைதியின் குரல் இல்லை என்று தெரிந்தது. ஐந்தாவதில் வார்த்தை பிரிந்துவிட்டது: “நான்தான்னு சொல்லு. வீட்ல தங்கச்சி தனியா இருக்கால்ல?” அப்படி எதுவும் இல்லை என்று சொல்லப்போகிற ஒரு ஹெட்போனைத் தேடித்தான் மனிதர் அலைகிறார். வாங்க வாங்கக் குரல்தான் தெளிகிறது.

ஒரே ஒரு முறை மேலாளரிடம் போனார். “சார், அந்தப் பழைய பதிவுல ஒரு சின்ன விஷயம்...”

மேலாளர் தலையைத் தூக்கவில்லை. “தீர்ப்பு வந்தாச்சுல்ல? விடுங்க. நோண்டினா முதல்ல மாட்டறது உங்க கையெழுத்துதான்.”

வெளியே வந்தபோது அவருக்கு நிம்மதியாக இருந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது. அவருடைய மகள்கள் இரண்டு பேரும் அப்போது படித்துக்கொண்டிருந்தார்கள்; வேலை போனால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். அந்தச் சாக்கு உண்மையாக இருந்ததுதான் கொடுமை.

போன செவ்வாய்க்கிழமை, எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், வாக்குமூலத்தின் நகல் கேட்டு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். தையல் கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றாமலே, அரை நாள் விடுப்பில் ஓடி வந்திருந்தாள். வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த மேல்முறையீட்டில் வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை, புதிதாக ஏதாவது காட்டினால்தான் உண்டு என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். பாம்புக்காதர் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார். கிடங்கு தீ வழக்குக் கைதியின் தங்கை.

நகலை எடுத்துக் கொடுத்தார். அவள் நின்றபடியே வரிவரியாக விரலை ஓட்டிப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

“இது என்னங்க, மௌனம்னு போட்டிருக்கு?”

“பேசாம இருந்தா அப்படிப் போடுவோம்மா.”

“எங்க அண்ணனா? அதுக்கு வாயே ஓயாதுங்களே. நாலு விநாடி யோசிச்சுப் பேசற ஆளா இருந்திருந்தா நாங்க எப்பவோ உருப்பட்டிருப்போம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவருக்கு அது தாங்கவில்லை. இழுப்பறையைத் திறந்து ஹெட்போனை எடுத்தார். மேசையைச் சுற்றி வந்து அவள் தலையில் மாட்டினார். வயரைப் பிளேயரில் செருகி, பொத்தானை அழுத்தினார்.

முதல் தடவை அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு தடவை என்று விரலால் காட்டினாள். மூன்றாம் தடவை மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தங்கச்சி என்ற சொல் அவளுக்குக் கேட்ட கணம் அவருக்குத் தெரிந்தது.

அவள் அழவில்லை. ஹெட்போனைக் கழற்றிக் காகிதத்தின் மேல் வைத்தாள். அவருடைய முகத்தை அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“இதை எத்தனை வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கீங்க?”

அவர் கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தார். பிறகு, தலையைக் குனிந்துகொண்டு, இன்னொரு கையையும் தூக்கினார்.