அக்கா கடைச் சரக்கு

இடது கை குப்பியைப் பிடித்திருந்தது. வலது கை சொட்டுக் குழாயை அமுக்கியும் அமுக்காமலும் அதன் வாய்க்கு மேலே நின்றது. ஒரு சொட்டு விழுந்தது. தராசின் எண் ஏறி, தயங்கி, நின்றது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் காலடிச் சத்தம் கேட்டதும் இரண்டு கைகளும் சேர்ந்து குப்பியை மறைத்துக்கொண்டன. சத்தம் தாண்டிப் போன பிறகுதான் அடுத்த சொட்டு விழுந்தது.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரியைத் தொழிலில் எல்லோரும் மூக்கி என்றுதான் சொல்வார்கள். அக்காவின் சின்ன சென்ட் கடையில் பல வருஷம் கலவை வேலை பார்த்தவள். முன்னால் அக்கா விற்பாள், பின்னறையில் இவள் கலப்பாள். யாரும் பாடம் நடத்தவில்லை. மோந்து மோந்து, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டதுதான். கடைக்குச் சோறு போட்டது ஒரே ஒரு சென்ட். சூடாக இஸ்திரி போட்ட பருத்தித் துணியை முகத்தருகே கொண்டுபோனால் வருமே, அந்த வாசனை. கடையில் அதற்குத் துணி என்றே பேர். மற்றதெல்லாம் அலமாரிக்கு அழகு.

பெரிய கம்பெனி தேடி வந்து கூப்பிட்டபோது அக்கா தடுக்கவில்லை. “போடி, நல்லா இரு. ஆனா துணிய மட்டும் இங்கேயே விட்டுட்டுப் போ” என்றாள். இது என்ன சொல்லி வைக்க வேண்டிய விஷயமா என்று மூக்கி கோபித்துக்கொண்டாள்.

புது இடத்தில் எல்லாம் தாராளம். பேர் மட்டும் கேள்விப்பட்டிருந்த சரக்குகள் அங்கே அடுக்கடுக்காக இருந்தன. மேலாளர் அவளைக் கண்டால் எழுந்து நின்றார். அதுவே அவளை உறுத்தியது. யாரும் யாருக்கும் சும்மா எழுந்து நிற்பதில்லை என்பது அவள் கணக்கு. பழைய கடையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்காதது அதைவிட உறுத்தியது. முதல் வேலையைச் சொன்னார்கள்: சுத்தமாக, வெதுவெதுப்பாக, வீட்டை ஞாபகப்படுத்தும் ஒரு வாசனை வேண்டும். சுற்றி வளைத்து நம் மடியில்தான் கை வைக்கிறார்கள் என்று மூக்கி முடிவு செய்துவிட்டாள்.

ஃபார்முலாவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் எடை போட ஒரு பெண் இருந்தாள். மூக்கி தனக்குக் கம்ப்யூட்டர் வராது என்று சொல்லிவிட்டுத் தானே எடை போட்டாள். அந்தப் பெண் சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறாள் என்று யோசித்தாள். முகர்ந்து முடித்த காகிதக் கீற்றுகளைக் குப்பையில் போடாமல் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஒரு நாள் வாசலில் காவலாளி அந்தப் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தார். ஓ, நம்மையும் இவர்கள் நம்பவில்லை என்று தெரிந்ததும் அவளுக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது.

துணிப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று வெயில் பட்ட மரத்தையும் ஆறிய பாலையும் சேர்த்து ஒன்று செய்தாள். மேலாளரின் அறையில் நாலைந்து பேர் அதை முகர்ந்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இதுதான் என்றார்கள். அடுத்த வாரம் ஃபார்முலாவோடு கொடுக்கச் சொன்னார்கள்.

மறுநாள் அக்கா மூக்கியின் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. முந்தின நாள் மூக்கி போட்டிருந்த சட்டை நாற்காலியில் கிடந்தது. அதன் கையை எடுத்து முகர்ந்தாள்.

“எங்க கிடைச்சுது இது?”

“நான் பண்ணினதுக்கா. கம்பெனிக்கு.”

“நம்ம துணிடி இது.”

மூக்கி சிரித்தாள். மரம், பால் என்று விளக்கினாள். அக்கா தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். கடைச் சரக்கு தடவிய கைக்குட்டை. மூக்கி இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்தாள். சட்டையில் மரம் போயிருந்தது, பாலும் போயிருந்தது. ஒரு நாள் கழிந்து அடியில் தங்கியது இரண்டிலும் ஒன்றேதான். கை தன் பாட்டுக்குப் பழகிய தூளை, பழகிய எண்ணெயை, பழகிய அளவில் எடுத்துப் போட்டிருக்கிறது. இருக்கிறவர்களையெல்லாம் சந்தேகப்பட்டவள் தன் வலது கையை மட்டும் விட்டுவிட்டாள்.

“அவங்க எடுக்கலக்கா. நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கேன்.”

“கொடுத்துட்டியா, கொடுக்கப்போறியா? அதச் சொல்லு.”

முதல் வேலையையே திருப்பி வாங்கினால் கம்பெனியில் வேலை நிலைக்குமா என்று மூக்கி கணக்குப் போட்டாள். அதற்குள் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் மூக்கி பழகிய குப்பிகளையெல்லாம் பொறுக்கி எடுத்து, எடை போடும் பெண்ணிடம் கொடுத்துப் பூட்டச் சொன்னாள். நான் கெஞ்சினாலும் தராதே என்றாள். இது என்ன புது நாடகம் என்பதுபோல அந்தப் பெண் பார்த்தாள். அந்தக் குப்பிகள் இல்லாமல் வாசனை மதியத்துக்குள் பறந்துபோனது. பிடித்து வைக்க ஒரு பிசினைத் தேடிப் பிடித்தாள். ஒவ்வொரு கலவையையும் சட்டைக் கையில் தடவி மறுநாள் வரை காத்திருந்தாள். கடைசியில் ஒன்று நின்றது. பூட்டிக் கிடந்த வீட்டில் சன்னலைத் தள்ளியதும் உள்ளே வரும் முதல் காற்றுபோல இருந்தது. துணியின் வாடையே இல்லை.

மேலாளர் அதை நிதானமாக முகர்ந்தார்.

“நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா போன வாரத்துதுதான் எல்லாருக்கும் பிடிச்சுது. அதோட ஃபார்முலாவக் கொடுங்க.”

“அது என்னோடது இல்ல சார். எங்க அக்கா கடையோடது.”

“நீங்கதானே பண்ணினீங்க?”

“அங்க பண்ணினது. கடை திறந்துதான் இருக்கு. வேணும்னா போய் வாங்கிக்கங்க, அக்கா இல்லைன்னு சொல்லமாட்டா.”

மேலாளர் சிரிக்கவில்லை. இங்கே செய்வதெல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று வேலைக்குச் சேரும்போது அவள் கையெழுத்துப் போட்டதை மெல்ல ஞாபகப்படுத்தினார். ஞாபகம் இருக்கிறது, இந்தப் புதுசு வேண்டாமென்றால் கிளம்பிவிடுகிறேன் என்றாள் மூக்கி. முதலிலிருந்தே இவருக்கு எல்லாம் தெரியுமா என்று அவர் முகத்தைத் துழாவினாள். ஒன்றும் தெரியாத முகமாகவும் இருந்தது, எல்லாம் தெரிந்த முகமாகவும் இருந்தது.

புதுக் குப்பியை மேசையில் வைத்தாள். பக்கத்தில் அதன் ஃபார்முலாவையும் வைத்தாள். இந்த முறை ஒரு சொட்டு விடாமல், அந்தப் பெண்ணே கம்ப்யூட்டரில் ஏற்றி அச்செடுத்தது. மேலாளர் உடனே தொடவில்லை. சன்னலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு குப்பியை எடுக்கக் கையை நீட்டினார். மூடியின் மேலிருந்த விரலை மூக்கி எடுத்துக்கொண்டாள்.