செபமாலை நேரத்தில் விழுகிற சுவிச்

"டக்" என்று ஒரு சத்தம், அதற்குப் பின்னால் இருட்டு, இருட்டுக்குள் நனைந்த சுண்ணாம்பின் வாசம். இந்த மூன்றையும் எழுதிவிட்டால் மிச்சம் தானாக வந்துவிடும் என்று நினைத்துத்தான் கொப்பியை எடுத்தேன், எடுத்துப் பத்து நாளாகிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு முன்னால் கதைக்கவே கூச்சப்படுகிறவள் எழுதினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு விளங்கும். முன்னுக்கு வரவேண்டியது பின்னுக்கு வரும், சிலது மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

மாத் தட்டுப்பாட்டில் பாணுக்கு எல்லாரும் கியூவில் நின்ற காலம் அது. எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினாலு. அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் லாஞ்ச் ஓட்டினார். நடுவில் நிற்கிற கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்குகிற சின்ன லாஞ்ச். எங்கள் வீட்டுப் பின்படலையைத் திறந்தால் ஐம்பது அடி நடந்தால் கடற்கரை. இரண்டு அறையும் குசினியுமாக இருந்த அந்த வீட்டில் முன்பக்கத்து விறாந்தையை, முந்தின வருடம், அப்பா தானே நின்று சுவர் வைத்து அடைத்து "ஹோல்" ஆக்கியிருந்தார். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அந்தச் சுவரைக் காட்டி, "இது வெருகல் ஆத்து மணல். வள்ளத்திலை ஏத்திக் கொண்டந்தனான். தட்டிப் பாருங்கோ" என்பார். வந்தவர்களும் மரியாதைக்கு ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதிரையில் இருப்பார்கள்.

வீட்டுக்கே இருந்த ஒரே ஒரு "பிளக்" அந்தச் சுவரில்தான். அந்த வருடக் கோடையில் கிண்ணியாவில் இருந்து வந்து எங்களுக்கு வயர் போட்டுத் தந்த லத்தீப் காக்கா, பிளக்கைப் பழைய சுவரில் பூட்டுவோம் என்று சொல்லியும், அப்பா தன்னுடைய சுவரில்தான் பூட்டவேண்டும் என்று நின்றுவிட்டார். பிளக்குக்கு மேலே திருஇருதயப் படம். படத்துக்குக் கீழே விரல்நுனி அளவில் ஒரு சிவப்பு பல்ப், அந்தப் பிளக்கில் கொழுவி, இரவும் பகலும் அணையாமல் எரியும். படத்தை மந்திரிக்க வந்த பங்குச் சுவாமி, போகிறபோது, "விளக்கு நூராமல் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சும்மா ஒரு சொல்லுச் சொன்னார். அம்மா அதைப் பத்துக் கட்டளைகளுக்குப் பக்கத்தில் பதினோராவதாக வைத்துக்கொண்டா.

வாசலுக்கு மேலே ஒரு பெட்டிக்குள் "ட்ரிப் சுவிச்" இருந்தது. கறண்டு எங்காவது ஒழுகினால், ஆட்களை அடிக்கவிடாமல், அது தானாக விழுந்து வீடு முழுவதையும் இருட்டாக்கிவிடும். காக்கா இதை விளங்கப்படுத்தியபோது அப்பா பக்கத்தில் நின்று கேட்டார். அம்மா குசினிக்குள் காக்காவுக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றா. அந்த ஒரு கோப்பைத் தேத்தண்ணியால் வந்ததுதான் இவ்வளவும்.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த பின்னேரம், நாங்கள் நால்வரும் முழந்தாளில் இருந்து செபமாலையின் மூன்றாம் பத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, "டக்" என்றது. அப்பா எழும்பப் போனார்.

"ஒருத்தரும் எழும்ப வேண்டாம்" என்றா அம்மா, இருட்டுக்குள். "ஆர் என்ன செய்தது?"

அம்மா செபமாலையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"ஆண்டவற்றை விளக்கு சும்மா நூராது. பாவத்தை ஒளிச்சு வைச்சிருக்கிற வீட்டிலை வெளிச்சம் நிக்காது. சொல்லுங்கோ."

கொஞ்ச நேரத்தில் அக்கா அழத் தொடங்கினா. "ரின்னிலை இருந்த கட்டிப்பாலை நான்தான் குடிச்சனான்."

"எவ்வளவு?"

"முழுக்க. பிறகு ரின்னுக்குள்ளை தண்ணி விட்டுக் கழுவியும் குடிச்சனான்."

அப்பா போய்ச் சுவிச்சைத் தூக்கினார். நின்றது. சிவப்பு பல்ப் ஒன்றும் நடக்காததுபோல எரிந்தது. மழையும் அதற்குள் விட்டிருந்தது, ஆனால் மழையை யார் கவனித்தார்கள்? அம்மா அக்காவைப் பார்த்தா, படத்தைப் பார்த்தா, அவ்வளவுதான், அதற்குமேல் அவவுக்கு ஒரு சாட்சியும் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து சுவிச் விழுகிற ஒவ்வொரு பின்னேரமும் எங்கள் வீட்டில் விசாரணை நடந்தது. அக்காவிடம் இருந்து நிறைய வந்தது: பூசை நேரத்தில் சிரித்தது, சாம்பிராணி வாங்கக் கொடுத்த சில்லறையில் புளிப்பு இனிப்பு வாங்கியது, பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையின் கொண்டையூசியைத் தன் தலையில் செருகிக்கொண்டு வந்தது. அப்பாவிடம் இருந்து எப்போதும் ஒன்றுதான் வரும். "ஒரு பீடி குடிச்சனான்." அம்மா கேட்க முதலே சொல்லிவிடுவார். "உங்கடை அப்பாவைப் பாருங்கோ, மனதிலை ஒண்டையும் வைச்சிருக்கிறேல்லை" என்று அம்மா எங்களுக்குச் சொல்லுவா. அப்பா தலையைக் குனிந்துகொண்டு போய்ச் சுவிச்சைத் தூக்குவார். சில நாள் நிற்கும், சில நாள் தூக்கத் தூக்க விழும். விழுந்தால் இன்னும் யாரோ சொல்லவில்லை என்று அர்த்தம்.

அந்த மார்கழி மாதா பெருநாளுக்கு எனக்குப் "புதுநன்மை", முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். அதுவரைக்கும் நான் போட்ட சட்டை எல்லாம் அக்கா போட்டுக் கழித்தவை. இது எனக்கென்று வெட்டித் தைக்கிற வெள்ளைச் சட்டை, தலைக்கு வலை, கையில் மெழுகுதிரி. எல்லாவற்றையும்விட, ஒரு வார்த்தையும் கதைக்காமல் கோயில் நடுவால் எல்லாரும் பார்க்க நடந்து போகலாம். கூச்சக்காரிக்கு அதைவிட என்ன வேண்டும்? நான் படுக்கையில் கிடந்து அந்த நடையைப் பழகுவேன்.

கார்த்திகை பிறந்து மழை இறுக, சுவிச்சும் அடிக்கடி விழ, அம்மா ஒருநாள் தீர்ப்புச் சொல்லிவிட்டா. "பெருநாளுக்கு முந்தின மூண்டு நாளும் விளக்கு நூராமல் நிக்கட்டும். இல்லாட்டி இவளுக்கு வாற வருசம் பாப்பம். பாவத்தை உள்ளுக்கு வைச்சுக்கொண்டு நன்மை வாங்கினால் அது சாவான பாவம்."

"ஏன் அம்மா, அவள் என்ன செய்தவள்?" என்று அக்கா கேட்டா.

"நீ சொல்லிப்போட்டாய், அப்பா சொல்லிப்போட்டார். சொல்லாதது இவள் ஒருத்திதானே. இவள் அமசடக்கு. வாய் திறக்காததுகளின்ரை வயித்துக்குள்ளைதான் எல்லாம் கிடக்கும்."

நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. கதைக்காத பிள்ளைக்குப் பாவம் செய்யவும் சந்தர்ப்பம் குறைவு. கடைசியில் அடுத்த முறை விழுந்தபோது, பக்கத்து வீட்டு றோசம்மா மாமியின் வளவில் இரண்டு விளாம்பழம் களவெடுத்தேன் என்று சொன்னேன். விடிந்ததும் அம்மா என் கையைப் பிடித்து, மன்னிப்புக் கேட்க, மாமியின் படலையடிக்குக் கொண்டுபோனா.

மாமி முழுவதையும் கேட்டுவிட்டுத் திரும்பித் தன் வளவைப் பார்த்தா. "எங்களிட்டை எங்கை பிள்ளை விளாமரம்? இருக்கிறது ஒரு முருங்கை. முருங்கைக்காய் எண்டாலும் எடுத்தனியோ?"

ஓம் என்று சொல்லுவதா, இல்லை என்று சொல்லுவதா என்று தெரியாமல் நான் நின்றேன். வரும் வழியில் அம்மா சொன்னா, "இப்ப பொய்யும் சேர்ந்துபோச்சு."

அதன்பிறகுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. சொல்ல ஒரு பாவம் வேண்டும் என்றால், உண்மையாகவே ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளலாமே. பங்கீட்டுக் கூப்பனுக்கு வந்த சீனிப் போத்தலைத் திறந்து ஒரு பிடி அள்ளி வாய்க்குள் போட்டுக்கொண்டு, பின்னேரம் சுவிச் விழட்டும் என்று காத்திருந்தேன். அன்று முழுக்க வெயில் எறித்தது. சுவிச் விழவில்லை. அடுத்த நாளும் வெயில், அடுத்த நாளும் விழவில்லை. பாவம் செய்யாத நாளில் விழுந்தது, செய்த நாளில் நிற்கிறது. ஆண்டவர் சீனியைக் காணவில்லையோ, அல்லது சீனி பாவத்தில் சேர்த்தியில்லையோ? புதுநன்மைக்கு எங்களைப் படிப்பித்த மடத்துச் சிஸ்டரிடம் கேட்டிருக்கலாம். அதற்கும் வாய் திறக்கவேண்டுமே.

பெருநாளுக்கு ஐந்து நாள் இருக்கப் பெருமழை திரும்பி வந்தது, இரண்டு பின்னேரம் தொடர்ந்து சுவிச் விழுந்தது. அம்மா தையல்கார அக்காவுக்கு, சட்டையைத் தைக்காமல் வைத்திருக்கச் சொல்லி ஆள் விட்டா. நான் குசினிக்குள் அம்மிக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன். வெங்காயம் உரித்துக்கொண்டு அழுததால் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் நானும் அக்காவும் நனைந்துகொண்டு பள்ளிக்கூடத்தால் வந்தால், வீடு இருட்டு. அம்மா ஹோலில் படத்துக்கு முன்னால் முழந்தாளில் இருந்தா. பல்ப் எரியவில்லை.

"எப்ப அம்மா விழுந்தது?"

"பத்து மணி இருக்கும்."

"ஆர் வீட்டிலை நிண்டது?" என்று அக்கா கேட்டா. அவ ஒன்றும் வேண்டுமென்று கேட்கவில்லை, கேள்வி பழகிப்போய் வாயில் வந்துவிட்டது.

அப்பா விடியவே வேலைக்குப் போனவர், நாங்கள் ஏழு மணிக்கு வெளிக்கிட்டவர்கள். வீட்டில் அம்மாவைத் தவிர ஒரு கோழிகூட நிற்கவில்லை. அம்மா இன்னும் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு எழும்பிச் சேலையை உதறினா.

"அப்பா வந்ததும் சொல்லுங்கோ, லத்தீப் காக்காவை வரச் சொல்லி. வயரிலை ஏதோ பிழை."

எங்கள் மூன்று பேரின் பாவத்துக்கும் செபமாலை போதுமாக இருந்தது. அம்மாவினதுக்கு வயர்மன் வேண்டியிருந்தது.

அப்பாவுக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. பெருநாள் முடியட்டும் என்றார், காக்காவுக்கு வேலை கூட என்றார், தானே ஒருக்கால் பார்க்கிறேன் என்றார். "நீங்கள் லாஞ்சைப் பாருங்கோ" என்று அம்மா முடித்துவிட்டா.

லத்தீப் காக்கா மறுநாள் காலையில் குடையும் பையுமாக வந்தார். மெயினை நிற்பாட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றினார். உள்ளே செம்பெல்லாம் பச்சை பிடித்துக் கிடந்தது, ஓட்டையைச் சுற்றிச் சுவர் பஞ்சுபோல வெள்ளையாகப் பூத்திருந்தது. காக்கா அந்த வெள்ளையை ஒரு விரலால் தொட்டார், விரலை நாக்கில் வைத்தார், அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணன், இந்த மண் எங்க அள்ளின?"

"வெருகல்."

"வெருகல் ஆத்துக்கு எப்பயிருந்து உப்பு வந்த?"

அப்பா, காக்காவுக்குப் பிடித்துக்கொண்டு நின்ற டோர்ச்சை மற்றக் கைக்கு மாற்றினார்.

"இது கடல் மண், தங்கச்சி" என்று காக்கா அம்மாவுக்குச் சொன்னார். "உப்பு ஈரத்த இழுக்கும். மழை பெய்ஞ்சா சுவர் நனையும், கறண்டு அதுக்குள்ளால ஒழுகும், சுவிச் விழும். நான் போட்ட வயர்ல ஒரு பிழையும் இல்ல."

அம்மா வந்து சுவரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தா. அக்காவும் வைத்துப் பார்த்தா. நானும் எட்டி ஒரு விரல் வைத்தேன். நல்ல உப்பு, சம்பலுக்குப் போடலாம். அப்பா மட்டும் ருசி பார்க்கவில்லை, அவருக்குத் தெரியும்.

"வள்ளத்திலை ஏத்தினது எண்டீங்கள்?" என்றா அம்மா.

"வெளிக்கிட்டனாங்கள்தான். காத்துச் சரியில்லை."

"பிறகு?"

"பின்னாலை அவ்வளவு மண் சும்மா கிடக்குது" என்றார் அப்பா, மெதுவாக.

"அப்ப உந்தப் பீடி?"

"பீடி நான் விட்டு மூண்டு வருசம்."

"மணக்கேல்லையே எண்டு நானும் யோசிச்சனான்" என்றா அம்மா. காக்கா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று எதையோ முடுக்கினார். முடுக்குவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

பிளக் அன்றைக்கே பழைய சுவருக்குப் போயிற்று, படமும் கூடவே போயிற்று. அம்மா காக்காவுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு படலையடியில் நின்று, "வா, சட்டைக்கு அளவு பாக்கவேணும்" என்றா. அளவு ஏற்கெனவே எடுத்ததுதான். மழைக்குள் குடையை முழுக்க என் பக்கம் சரித்துப் பிடித்துக்கொண்டு வந்தா. தையல்கார அக்கா வீட்டுக்குப் போகும்போது அம்மாவின் ஒரு தோள் ஊறிப்போயிருந்தது.

பெருநாளுக்கு முந்தின நாள் பிள்ளைகளுக்கெல்லாம் முதல் பாவசங்கீர்த்தனம். வரிசையில் எனக்குப் பின்னால் அப்பா நின்றார், அம்மா கொண்டுவந்து நிறுத்தியது. நான் சீனியையும் விளாம்பழத்தையும் சொல்லிவிட்டுச் சீக்கிரம் வந்துவிட்டேன். அப்பா உள்ளே போனவர் வரவேயில்லை. அப்படி என்ன இருக்கிறது சொல்ல என்று நானும் அக்காவும் வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"சுவாமி பரிகாரமா என்ன செபம் சொல்லச் சொன்னவர்?" என்று அக்கா கேட்டா.

"செபம் ஒண்டும் தரேல்லை."

"ஏன்?"

"போன வருசம் சுவாமியின்ரை அறைவீட்டுச் சுவருக்கு மணல் குடுத்ததும் நான்தானே. நேர்ச்சையாக் குடுத்தனான்."

"வெருகல் மணலோ?"

"ஓம். அதே வெருகல்தான்." அப்பா கோயில் முற்றத்தைப் பார்த்தார். "திங்கட்கிழமை சாந்துக் கரணையோடை வரட்டாம்."

பெருநாளன்று விடிய மழை கொட்டியது. வீட்டில் சிவப்பு பல்ப் அசையாமல் எரிந்தது. நான் வெள்ளைச் சட்டையோடு கோயில் நடுவால் நடந்து போனேன், படுக்கையில் பழகிய நடை ஒன்றும் வரவில்லை, விறுவிறு என்று போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அக்கா பிறகு சொன்னா. அம்மாவுக்குத்தான் சில கிழமைக்கு ஒருமாதிரி இருந்தது. செபமாலை முடிந்ததும், கோள் சொல்லுவதைத் திடீரென்று விட்டுவிட்ட பக்கத்து வீட்டாரைப் பார்ப்பதுபோல, பல்பைப் பார்ப்பா. "இனி இந்த வீட்டிலை நடக்கிறதை எப்பிடி அறியிறது" என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டா.

அந்த வீடு இப்போது இல்லை, சுவரும் இல்லை. பிறகு வந்த குழப்பங்களில் நாங்கள் வெளிக்கிட்டுப் போய்த் திரும்பி வந்தபோது அத்திவாரம் மட்டும் கிடந்தது. இப்போது அன்புவழிபுரத்தில் மகளோடு இருக்கிறேன். இங்கேயும் சுவிச் விழும். மருமகன் போனில் கதைத்துக்கொண்டே போய்த் தூக்கிவிட்டுக் கதைத்துக்கொண்டே வருவார். ஒருவரும் ஒருவரையும் ஒன்றும் கேட்பதில்லை. இருட்டுக்குள் நாலு பேர் முழந்தாளில் இருந்து, யார் முதலில் வாய் திறப்பது என்று பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம் இனி ஒரு வீட்டிலும் வராது.

அக்காவின் பாவங்கள் எனக்குத் தெரியும், அப்பாவினதும் தெரியும், என்னுடையதை இங்கே எழுதிவிட்டேன். பத்து மணியில் இருந்து நாங்கள் வரும்வரைக்கும் அம்மா தனியே முழந்தாளில் இருந்து தனக்குள் எதைத் தேடிப் பார்த்தா என்பது மட்டும் தெரியாது. கேட்டிருக்கலாம். வெட்கத்தில் விட்டுவிட்டேன், பிறகு கேட்க அம்மா இல்லை.

மழை எந்தக் கிழமை தொடங்கியது, எத்தனை நாள் இருக்கக் காக்கா வந்தார் என்பதெல்லாம் நான் மாற்றி எழுதியிருக்கலாம். அந்தத் தெருவில் அந்த நாளில் இருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், பிழை கண்ட இடத்தில் கோடு போட்டுத் திருத்தி அனுப்புங்கள். அம்மா உங்களில் யாரிடமாவது அந்த மத்தியானத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருந்தால், அதையும் ஒரு ஓரத்தில் எழுதிவிடுங்கள். நான் ஒருவருக்கும் சொல்ல மாட்டேன்.