பேச்சுப் பொத்தான்கள்

தெருவில் அவருக்குப் பெயர் போன் டாக்டர். தண்ணீரில் விழுந்தது, வண்டி ஏறியது, குழந்தை கடித்தது என்று எந்த போன் வந்தாலும் பிரித்துப் போட்டுப் பிழைக்க வைத்துவிடுவார். அந்தக் கைராசிதான் அவரைக் கெடுத்தது. மனைவியின் தொண்டைக் கட்டியை எடுத்தால் குரல்வளையும் சேர்ந்து போகும், இனிப் பேச்சு வராது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உட்கார்ந்து அழ வேண்டிய மனிதர், "நான் ஒண்ணு செஞ்சு தர்றேன், கவலைப்படாத" என்று கிளம்பிவிட்டார்.

இணையத்தில் ஒரு மாதிரிச் செயலி அகப்பட்டது. திரையில் பெரிய பெரிய பொத்தான்கள். அழுத்தினால், பதிந்து வைத்த குரல் பேசும். எல்லா வகை போனிலும் ஓடும். ஆனால் ஆயத்தமாகக் கிடைக்காது. அதை எழுதிய கட்டளைகளை, அதாவது மூலநிரலை, இறக்கி, கணினியில் தானே செயலியாகக் கட்டி, பிறகு போனில் ஏற்ற வேண்டும். அதற்கென்று ஒரு ஃபோல்டர் திறந்து, ஆசையாகத் தமிழிலேயே 'பேச்சு' என்று பெயர் வைத்தார்.

திருப்புளி பிடிப்பது வேறு, இது வேறு. கட்டச் சொன்னால் கணினி வெகுநேரம் முனகிவிட்டு, சிவப்பு எழுத்தாகக் கொட்டியது. அவர் படித்தது கடைசி வரியை மட்டும்: தோல்வி. எல்லாவற்றையும் அழித்தார், மறுபடி இறக்கினார், அதே ஃபோல்டரில் போட்டார். அதே தோல்வி. பசித்ததா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய நாளும் அப்படித்தான் போனது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். கடையை அடைத்துவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் அவள் துணிமணியைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். குரல் ஏற்கெனவே கரகரத்திருந்தது.

"ஏங்க, போன்லயே ரெக்கார்டர் இருக்கே. அதுல பேசி வச்சா ஆகாதா?"

"அதெல்லாம் சரிப்படாதும்மா. இதுலயே நேரா பதிஞ்சிடலாம். இதோ, இந்தத் தடவை ஓடிடும்."

ஓடவில்லை. பின்னால் அவள் மெல்ல ஏதோ பேசுவது கேட்டது. தங்கச்சியோடு போனில் பேசுகிறாள் என்று நினைத்தார்.

"கொஞ்சம் பேசாம இரும்மா," என்றார், திரும்பிப் பார்க்காமலே.

சாயங்காலம் வார்டில்கூட மடியில் கணினிதான். நர்ஸ் வந்து, "நேரமாச்சு, கெளம்புங்க சார்" என்றாள். மனைவி தன் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, "போய்த் தூங்குங்க" என்றாள். அவளிடமிருந்து அவர் நேரில் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

ஆபரேஷன் முடிந்து அவள் குழாய்களோடு படுத்திருந்தபோது, வேறு செய்ய ஒன்றுமில்லாமல், அந்தச் சிவப்பு எழுத்தை முதன்முறையாக மேலிருந்து படித்தார். இந்த ஃபோல்டர் பெயரில் எனக்குத் தெரியாத எழுத்து இருக்கிறது என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தது. 'பேச்சு' என்பதை எடுத்துவிட்டு வெறும் ஆங்கில எழுத்து ஒன்றை வைத்தார். ஒரே மூச்சில் கட்டி முடிந்து, அவள் போனில் ஓடியது. திரை நிறையப் பொத்தான்கள், ஒன்றிலும் குரல் இல்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

அவள் கண் திறந்தாள். போனைத் தரும்படி கை நீட்டினாள். ரெக்கார்டரைத் திறந்து அவரிடம் காட்டினாள். அன்று அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அவளாகவே பதிந்து வைத்தவை, வரிசையாக இருந்தன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் பொத்தானில் ஒன்றை ஏற்றி அழுத்தினார்.

"ஏங்க, சாப்பிட வாங்க, ஆறிடப் போகுது," என்றது அவள் குரல். பாதியிலேயே, அதன்மேல், "கொஞ்சம் பேசாம இரும்மா" என்று ஓர் ஆண்குரல் விழுந்தது.

அதை மட்டும் வெட்டி எடுக்க எவ்வளவோ பார்த்தார், முடியவில்லை. அவர் குரலை எடுத்தால் அவள் குரலும் சேர்ந்து போகிறது. இன்றைக்கும் சாப்பிடக் கூப்பிட அவள் அந்தப் பொத்தானைத்தான் அழுத்துகிறாள். அவரும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து வருகிறார்.