சிவப்புப் பொட்டு வைத்த படம்

அந்தப் படத்தில் ஆணின் கை பெரிதாக இருந்தது. உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரத் தெருவின் மஞ்சள் சுவர், அதன்மேல் கவிழ்ந்து கிடக்கும் காகிதப்பூக் கொடி, சுவரோரம் ஒரு பழைய ஸ்கூட்டர், அதன் பக்கத்தில் தாடையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு பெண், அவளுடைய ஹெல்மெட்டின் வாரை மாட்டிவிடும் ஒருவன். இவ்வளவுதான் படம். நான் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் யாராவது அப்படி வரைந்திருந்தால் அந்தக் கையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பேன். ஆனால் சிதம்பரத்தில் அந்தப் படத்தின் முன்னால் நின்றவர்களில் ஒருவர்கூடக் கையின் அளவைப் பற்றிப் பேசவில்லை. சும்மா நின்று பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஒரு கல்லூரிப் பெண் தன் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வரைந்தவள் என் ஓரகத்தி. என் கணவரின் தம்பி மனைவி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் நாங்கள் கீழே, அவர்கள் மாடியில். நான் கும்பகோணத்தில் ஐந்து வருடம் முறையாக ஓவியம் படித்தவள். அவள் கல்யாணமாகி வந்த பிறகு, மத்தியான நேரம் போகவில்லை என்று யூடியூப் பார்த்து வண்ணம் குழைக்கத் தொடங்கியவள். பிரஷ்ஷைத் துடைக்கக்கூடத் தெரியாது. புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு, "ஐயோ, பாருக்கா" என்று என்னிடமே வந்து காட்டுவாள். அவளிடம் எனக்குப் பிரியம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரியமும் இருந்தது, அதைவிட ஜாஸ்தியாக வயிற்றெரிச்சலும் இருந்தது.

வயிற்றெரிச்சல் படத்தினால் மட்டும் வந்ததில்லை. என் கொழுந்தன் செம்மங்குப்பம் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் ஷிப்ட் பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவளை வண்டியில் உட்காரவைத்துப் புதுச்சேரிக்குக் கிளம்பிவிடுவான். எங்கள் ஊரில் பின்னால் உட்காருகிற பெண்களுக்கு யார் ஹெல்மெட் வாங்கித் தருகிறார்கள்? போலீஸ் நிற்கிற ஆல்பேட்டை செக்போஸ்ட் வரும்வரை ஓட்டுகிறவர்களே தலையில் மாட்டுவதில்லை. இவன் அவளுக்கென்று ஒரு ஊதா நிற ஹெல்மெட் வாங்கிவந்தான். அவளுக்கு அந்தக் கொக்கி மாட்ட வராது. வராததுபோல நடிக்கிறாளோ என்றுகூட எனக்குச் சந்தேகம். "தலையத் தூக்கு" என்பான். அவள் தூக்குவாள். கேட்டுக்கு வெளியே, தெருவே பார்க்க, அவன் குனிந்து அந்த வாரை மாட்டுவான். நான் சமையல்கட்டு ஜன்னலில் நின்று வெங்காயம் நறுக்குவேன். என் கணவர் தங்கமானவர், அதில் குறையே இல்லை. ஆனால் கடைத்தெருவுக்குச் சேர்ந்து போனால் நாலடி முன்னால்தான் நடப்பார். நான் பின்தங்கிவிட்டேனா என்று திரும்பிப் பார்த்ததை நான் கண்டதில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் வரைகிறவர்கள், ஓரகத்தியோடு ஏழு பேர், சேர்ந்து வருடம் ஒரு கண்காட்சி வைப்போம். எங்கள் குழுவின் செயலாளர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். முந்தின வருடம் தேர் என்று தலைப்பு வைத்து ஒரு படமும் விலைபோகாததால், அந்த வருடம் அவராகவே, "பிரான்சும் காதலும். பாண்டிச்சேரி பக்கத்துலதானே இருக்குது, வாங்கறவுங்க வருவாங்க" என்று முடிவுசெய்துவிட்டார். இடம் சிதம்பரம் மேல வீதியில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். ஏழு பேரில் ஐந்து பேர் ஈபிள் கோபுரம் வரைந்துகொண்டு வந்தோம். கோயிலுக்குப் போய்விட்டு உள்ளே எட்டிப் பார்த்த ஒரு அம்மாள் வரிசையாக ஐந்தையும் பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு கோபுரம்? ஒரு பொம்மைகூட இல்லியே" என்று கேட்டாள். என்னுடையது மழைபெய்யும் பாரிஸ் தெரு. ஈரத்தரையில் விளக்கு வெளிச்சம், ஒரே குடையில் இரண்டு பேர், தூரத்தில் கோபுரம். இரண்டு மாதம் உட்கார்ந்து வரைந்தேன். கோணம், நிழல், எதிலும் ஒரு பிழை சொல்ல முடியாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை இருபத்திரண்டு வருடமாக வரைந்திருந்தேன், முன்பின் தெரியாத ஒருவர் என் படத்தை ஆசைப்பட்டு வாங்கியது கிடையாது. சொந்தக்காரர்கள் கிரகப்பிரவேசத்துக்குக் கேட்பார்கள், கொடுப்பேன். தலைமையாசிரியை அறைக்கு ஒன்று கொடுத்திருக்கிறேன். ஆனால் யாரோ ஒருவர், என்னைத் தெரியாதவர், என் படத்தின் முன்னால் நின்று, இது எனக்கு வேண்டும் என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் என் ஆசை. அந்த ஆசையோடுதான் மூன்று நாளும் கடலூரிலிருந்து பஸ் பிடித்துச் சிதம்பரம் போனேன். ஓரகத்தி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே பார்த்தபடி, "என்துல்லாம் எவுங்கக்கா வாங்கப்போறாங்க? ஒன்துதான் போவும் பாரு" என்பாள். மனதாரச் சொல்வாள். அதுவும் எனக்குப் பிடிக்காது.

விற்ற படத்தின் பெயர்ச்சீட்டில் சிவப்பாக ஒரு வட்டம் ஒட்டுவது எல்லாக் கண்காட்சிகளிலும் உள்ள வழக்கம். அதைப் பார்த்தால் மற்றவர்கள் அந்தப் படத்தைக் கேட்க மாட்டார்கள். அந்த வட்டங்களை வாங்க மறந்துவிட்டு வந்த செயலாளர் முதல்நாள் காலை ஓரகத்தியைக் கடைக்கு அனுப்பினார். அவள் கீழ வீதியில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். செயலாளர் அந்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நோட்டில் வாங்குபவர் பெயரை எழுதிவிட்டு அவர்தான் ஒட்டுவார். முதல் இரண்டு நாளில் மூன்று படங்களுக்குப் பொட்டு விழுந்தது. என்னுடையதற்கு இல்லை. அவளுடையதற்கும் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மேசையில் நான் மட்டும். வயதான ஒருவரும் அவர் மனைவியும் உள்ளே வந்தார்கள். புதுச்சேரிக்காரர்கள், பல வருடம் பிரான்சில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. கோபுரங்களை அவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக ஓரகத்தியின் படத்துக்குப் போய் நின்றார்கள். அந்த அம்மாள் கணவரை முழங்கையால் இடித்து, "பாத்துக்குங்க. ஒரு நாளாச்சும் எனக்கு இப்படிச் செஞ்சிருப்பீங்களா?" என்றார். அவர், "நம்மகிட்ட இருந்தது காரு, அதுல ஏது ஹெல்மெட்டு?" என்றார். இரண்டு பேரும் அப்படிச் சிரித்தார்கள். பிறகு அவர் என்னிடம் வந்து, "சாப்பிட்டு வந்துர்றோம்மா. அந்த மஞ்சச் சொவரு படம் எங்களுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எத்தனை வருடமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை! எனக்கு முன்னால் நின்றுதான் சொன்னார், ஆனால் என் படத்துக்கில்லை. மண்டபத்தில் யாருமில்லை. போன முகூர்த்தத்துக்கு ஒட்டிய 'நல்வரவு' தெர்மகோல் எழுத்து மட்டும் மேடையில் இருந்தது. பொட்டு அட்டை செயலாளரின் பையோடு ஹோட்டலுக்குப் போயிருந்தது. நான் எழுந்து போனேன். நெற்றியிலிருந்த என் பொட்டை நகத்தால் எடுத்து, அவள் படத்தின் பெயர்ச்சீட்டில் ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். நடந்து போன பத்தடியும் யோசித்தேன்.

அவர்கள் திரும்பிவந்தார்கள். "போயிட்டுதாம்மா?" என்று அவர் கேட்டார். "ஆமாங்க, இப்பதான்" என்றேன். அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. சொல்லிவிட்டுப்போன பிறகு கொடுத்துவிட்டீர்களே என்று சண்டை பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை, நல்ல மனிதர்கள். கொஞ்சநேரம் சுற்றிவிட்டு என் மழைத்தெருவின் முன் நின்றார்கள். "வந்ததுக்கு எதுனா ஒண்ணு எடுத்துக்கலாமே" என்றார் அந்த அம்மாள். அதற்குள் செயலாளர் வந்துவிட்டார். நோட்டில் எழுதி, என் படத்துக்குப் பொட்டு ஒட்டினார். அந்தப் பெரியவர் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "அங்க மழை இப்படி அடிச்சிப் பெய்யாதும்மா, தூறிக்கிட்டே இருக்கும். பரவால்ல, நல்லாத்தான் இருக்குது" என்றார்.

அவர்கள் போன பிறகு செயலாளர் மஞ்சள் சுவரின் பொட்டைப் பார்த்தார். "இது யாரும்மா வாங்குனது? நோட்டுல பேர் இல்லியே" என்று கேட்டார். "சாயங்காலம் வந்து எடுத்துக்கறோம்னாங்க சார்" என்றேன். ஒரு பொய் சொன்னபின் இரண்டாவது வாய்க்குத் தானாக வந்தது. அப்போதுதான் ஓரகத்தி உள்ளே நுழைந்தாள். பொட்டைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "வித்துட்டுதாக்கா? நெசமாவா? யாருக்கா? எப்படி இருந்தாங்க? சிரிச்சாங்களா?" என்று என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு கேட்டாள். சொல்லாமல் விடமாட்டாள். நான் அந்தப் பென்ஷன்காரர்களையே அவளுக்குச் சொன்னேன். முழங்கையால் இடித்ததையும், காரில் ஏது ஹெல்மெட் என்றதையும் சொன்னேன். அவள் ஒவ்வொன்றையும் அப்படியே போனில் கணவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் படமும் விற்றதை அவள்தான் முதலில் அவனிடம் சொன்னாள். எனக்கு என் கணவரைக் கூப்பிட வேண்டும் என்றே தோன்றவில்லை.

கொழுந்தன் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு பஸ் ஏறிவந்தான். ஆலைச் சட்டையோடு, கையில் ஸ்வீட் டப்பா. மண்டபத்துக் காவலாளிவரை எல்லோருக்கும் கொடுத்தான். "அண்ணி, ஒங்களுக்கு ரெண்டு. ஒங்க படமும் போயிட்டுதே" என்று என் கையில் இரண்டு ஜாங்கிரியை வைத்தான். எடுத்து வாயில் போட்டேன். ஆறு மணி ஆயிற்று. ஆறரை ஆயிற்று. மண்டபத்தைக் காலிசெய்ய வேண்டும். எல்லோரும் அவரவர் படத்தைச் சாக்கில் சுற்றினார்கள். அவள் வாசல்படியிலேயே நின்று, போகிற வருகிற வயதான தம்பதிகளை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவுங்களாக்கா?" என்று ஒருமுறை என்னைத் திரும்பிக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

கடைசியில் செயலாளர், "வர்றேன்னவுங்க வர்லியேம்மா. பொட்ட எடுத்துரு" என்றார். அவள் போய்ப் பொட்டை உரித்தாள். விரல் நுனியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தாள். அட்டையிலிருந்த பொட்டுகள் குங்கும நிறம். என்னுடையது பெரியது, கருஞ்சிவப்பு. ஆண்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. அவள் நேராக என்னிடம் வந்தாள். "இன்னாக்கா, வெறும் நெத்தியா நிக்கற?" என்று சொல்லி என் நெற்றியில் ஒட்டிவிட்டாள். எந்த வீட்டிலும் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் செய்கிற சாதாரண காரியம்தான். அவள் முகத்தில் கோபம் தெரிந்ததா என்றால், அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

அதற்குள் கொழுந்தன் செயலாளரிடம் போயிருந்தான். "வர்லன்னா போறாங்க சார். எம் பேர எழுதுங்க. நான் வாங்கிக்கறேன்." செயலாளர் சிரித்தார். "ஒம் பொண்டாட்டி படத்த நீ வாங்குறதாப்பா?" என்றார். "ஏன், நான் வாங்கக் கூடாதா? ஒழுங்கா எழுதுங்க, பொட்டும் வைங்க" என்றான். செயலாளர் எழுதினார், பொட்டும் வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பிரான்சும் காதலும் என்று தலைப்பு வைத்த கண்காட்சியில் அந்த ஒரு நிமிடம்தான் அந்தத் தலைப்புக்குப் பொருந்தியது. அதை நடத்திக்கொடுத்தவள் நான். நான் அந்தப் பொட்டை ஒட்டாமல் இருந்திருந்தால் அவன் அந்தப் படத்தை வாங்கியிருக்கவே மாட்டான். என் படத்தை முன்பின் தெரியாதவர் வாங்கினார், அவள் படத்தை அவள் புருஷன் வாங்கினான். என் ஆசை நிறைவேறிய நாளில், மனம் புழுங்கிக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி கடலூர் வந்தேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் கணவர், "அப்படியா, நல்லது" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

போன வருடம் கொழுந்தனுக்கு ஓசூரில் வேறு வேலை கிடைத்து மாடியைக் காலிசெய்தார்கள். சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவன் லாரிக்காரரோடு கயிறு கட்டிக்கொண்டிருந்தான். படிக்கட்டில் அவளைத் தனியாக நிறுத்திச் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு அந்தப் பென்ஷன்காரங்க ஒன் படத்ததான் கேட்டாங்க. நான்தான் பொட்டு ஒட்டினேன்." அவள் கையிலிருந்த முறத்தைப் படியில் வைத்தாள். "தெரியும்கா. கையில எடுத்தப்பவே தெரியும்" என்றாள். பிறகு, "ரெண்டு நாளு அழுதேன். அவுரு ஏன்னு கேட்டாரு. தலவலின்னுட்டேன்" என்றாள். அதற்குமேல் திட்டவும் இல்லை, மன்னித்ததாகவும் சொல்லவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

காய்கறி விலைவரை, பக்கத்து வீட்டு நாய் குட்டிபோட்டதுவரை அவனிடம் சொல்லிவிடுகிறவள் அவள். அவர்களுக்குள் அப்படி எதுவும் மறைவில்லாமல் இருந்ததுதான் இத்தனை வருடம் என்னைப் பிடுங்கித் தின்றது. அந்த வீட்டுக்குள் அவனுக்குத் தெரியாமல் ஒன்று இருக்கிறது, அது என்னால் வந்தது என்று அன்று படிக்கட்டில் நின்றபோது தெரிந்தது. அவள் காலில் விழுந்து அழுதிருக்க வேண்டும். எனக்கோ சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போதும் அந்தச் சந்தோஷம் போகவில்லை.