ஆறாம் ரூமின் தேதி

“...அம்புட்டும் இன்னிக்குக் காலையில கலந்த மருந்துதான், கம்ப்யூட்டரே சொல்லுது, பெறகென்ன? ஆளுகளை ஆறாம் ரூமுக்குள்ள போகச் சொல்லிட்டேன்” என்றார் போர்மேன். எதையும் ‘பெறகென்ன’ என்று முடிப்பது அவர் வழக்கம். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும், அன்று பிடிக்கவில்லை.

சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் எனக்குக் கணினி வேலை, நானாகக் கற்றுக்கொண்டது. கலந்த வெடிமருந்து ராத்தங்கினால் தானாகவே சூடேறி வெடிக்கலாம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். கையிருப்புத் திரையில் ஆறாம் ரூமுக்கு ஒரே வரி இருந்தது: மொத்த எடை, பக்கத்தில் இன்றைய தேதி.

“அண்ணாச்சி, புரோகிராம் எழுதினவுக ரூம் வாரியா எடையைக் கூட்டச் சொல்லியிருக்காக. தேதியை என்ன செய்யணும்னு சொல்லலை. அது அந்த ரூமோட தேதிகள்ல ஏதோ ஒண்ணை எடுத்துப் போட்டிருக்கு.”

“ஏதோ ஒண்ணா? சீட்டுக் குலுக்கியா எடுக்குது?” என்று சிரித்தார்.

கம்ப்யூட்டரைத் தேதி வாரியாகவும் பிரிக்கச் சொன்னேன். ஆறாம் ரூம் இரண்டு வரிகளானது. ஒன்றில் நேற்றைய தேதி. ஜன்னலுக்கு வெளியே நாலு பெண்கள் அந்த ரூமை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள்.

போர்மேன் சிரிப்பை நிறுத்தினார். மருந்து ரூம் பக்கம் கொண்டுபோகக் கூடாத செல்போனை என் மேசையில் போட்டார். செருப்பை உதறிவிட்டு, “ஏத்தா, நில்லுங்க!” என்று கத்திக்கொண்டே வெயிலில் ஓடினார்.